குரக்கன் விளையும் லக்கலையும் கோதுமை ஒவ்வாத நோயும்

மாத்தளை நகரினின்று புறப்படும் மலைப்பாதை இரத்தோட்டையைக் கடந்து, ரிவர்ஸ்டன் கணவாயில் ஏறி, இலுக்கும்புறை வழியாக லக்கல - பல்லேகமப் பகுதிக்கு இறங்குகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இவ்வொரு முகட்டைக் கடந்த மாத்திரத்தே காற்று மாறுகின்றது. மழை பெய்யும் பருவம் மாறுகின்றது. மக்கள் உண்ணும் உணவும் மாறுகின்றது. முகட்டின் மேற்கிலே தேயிலைத் தோட்டங்கள் உள. ஆங்கு வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கோதுமை மாவிற் சுட்ட ரொட்டியே காலையுணவும், பல வேளைகளில் நண்பகலுணவும் ஆகும். முகட்டின் கிழக்கிலோ, வயலும் சேனையுமாகப் பரந்த லக்கலைக் கிராமங்களிலே, நெல்லுக்கு அடுத்தபடியாகப் பன்னெடுங்காலம் மக்களைக் காத்து வந்தது குரக்கன். இரு சாராரும் ஒரே மாவட்டத்தினர். எனினும், இன்று மருத்துவ உலகம் பெரிதும் பேசுகின்ற ஓர் உணவுப் பிரச்சினையைப் பொறுத்தவரை இவ்விரு சாராரும் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றனர். அப்பிரச்சினையாவது, கோதுமையிலுள்ள குளூற்றன் என்னும் புரதம் சிலருடைய உடலுக்கு ஒவ்வாமையும், அவர்கள் அதனை அறவே நீக்கி உண்ணவேண்டியிருத்தலுமாம்.

குளூற்றன் என்பது யாது? கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்து, அவ்வுருண்டையைப் பின்னும் நீரிற் கழுவிக்கொண்டே வந்தால், மாப்பொருள் வெண்ணிறமாய்க் கரைந்தோட, இழுத்தால் நீளும் பசைபோன்ற ஒரு பொருள் கையிலே எஞ்சும். அதுவே குளூற்றன். கிளையடின், குளூற்றெனின் என்னும் இருவகைப் புரதங்கள் சேர்ந்தமைந்தது அது. பாண் உப்பிப் பஞ்சுபோல் எழுவதும், பரோட்டா கிழியாது விரிவதும் இதனாலேயே. கோதுமைக்கு நெருங்கிய உறவினவாகிய வாற்கோதுமையிலும் 'றை' எனப்படும் தானியத்திலும் இதனையொத்த புரதங்கள் உள. நெல், குரக்கன், சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றில் அவை இல்லை. இவை யாவும் புல்லினத்தைச் சேர்ந்தனவாயினும், கோதுமையின் கிளையினின்று மிகத் தொலைவிற் பிரிந்து சென்றவை.

பெரும்பான்மையோர்க்குக் குளூற்றனால் யாதொரு தீங்கும் இல்லை. இதனை முதற்கண் வலியுறுத்திக் கூறுதல் வேண்டும். ஏனெனில், இக்காலத்திற் செல்வர் சிலரிடையே குளூற்றனை நஞ்சென அஞ்சும் ஒரு வழக்கம் தோன்றியுள்ளது. சீலியாக்கு நோய் உடையாரிடத்தே நிகழ்வது வேறு. கிளையடின் என்னும் புரதத்திற் புரோலின், குளூற்றமின் ஆகிய அமினோவமிலங்கள் மிகுந்திருத்தலால், நம் சமிபாட்டு நொதியங்களால் அதனை முற்றாகத் துணிக்க முடிவதில்லை. எஞ்சிய துணிக்கைகள் சிறுகுடற் சுவரினுட் புகுகின்றன. ஆங்குள்ள ஒரு நொதியம் அவற்றைச் சிறிது மாற்றியமைக்கின்றது. குறிப்பிட்ட பரம்பரையலகுகளை உடையாரின் நிர்ப்பீடனக் கலங்கள் அம்மாற்றமுற்ற துணிக்கைகளைப் பகையெனக் கொண்டு போர் தொடுக்கின்றன. அப்போரில் அழிவது பகையன்று. தம் வீட்டுச் சுவரே. சிறுகுடலின் உட்புறத்தே விரல்போல் நீண்டு உணவை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மழுங்குகின்றன. உறிஞ்சும் பரப்புக் குறையவே, உண்ட உணவு உடலிற் சேராது கழிகின்றது. குழந்தையாயின் வயிறு பருத்துக் கைகால் மெலிந்து வளர்ச்சி குன்றும். முதிர்ந்தோராயின் கழிச்சல் இல்லாமலே கூட நோய் மறைந்திருத்தல் உண்டு. மருந்துக்கு மசியாத குருதிச்சோகை, என்பு நலிவு, ஓயாத சோர்வு, மகப்பேறின்மை ஆகிய உருவங்களில் அது வெளிப்படும்.

இந்நோயின் காரணம் அறியப்பட்ட வரலாறு சுவையுடைத்து. கி. பி. 2 ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த கப்பதோக்கிய நாட்டுக் கிரேக்க மருத்துவர் அரேத்தேயசு இதனையொத்த ஒரு வயிற்று நோயை விரித்துரைத்தார். இன்றைய பெயரும் வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகவே பிறந்தது. 1888 இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ, குழந்தைகளிடத்து இந்நோயைத் தெளிவுற வரையறுத்தார். உணவாலன்றி வேறொன்றாலும் இது தீராது என்பது அவர் துணிபு. துணிபு சரி, ஆயின், அவர் விலக்கியது சோற்றை, அனுமதித்ததோ மெல்லியதாய் வெட்டி வாட்டிய பாணை! 1924 இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாசு வாழைப்பழ உணவைப் புகுத்தினார். குழந்தைகள் தேறினர். வாழைப்பழத்திலே ஏதோ அரிய சத்து உண்டென அனைவரும் நம்பினர். வாழைப்பழம் உண்டபோது பாண் உண்ணாதிருந்தமையே காரணம் என்பதை எவரும் எண்ணிற்றிலர்.

உண்மையைக் கண்டவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. 1930 களிலேயே அவர்க்குக் கோதுமைமேல் ஐயம் இருந்தது. 1944 - 45 மாரியில், செருமானியர் வசமிருந்த ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் பெரும்பஞ்சம் சூழ்ந்தது. பாண் கிடைத்திலது; மக்கள் துலிப்புக் கிழங்கை அவித்துண்டனர். ஊரார் எல்லாம் மெலிந்து மாண்ட அக்காலத்திலே, அவர் பார்வையிலிருந்த சீலியாக்கு நோயுற்ற குழந்தைகள் மட்டும் உடல் தேறினர். வானூர்தி வழியே மீண்டும் பாண் வந்தபொழுது, அக்குழந்தைகள் மீண்டும் நோயுற்றனர். 1950 இல் தம் ஆய்வேட்டிலே கோதுமையே காரணம் என டிக்கே நிறுவினார். பின்னர், வன் டி காமர் முதலிய தோழருடன் சேர்ந்து, மலத்திற் கழியும் கொழுப்பை அளந்து அம்முடிவை உறுதிப்படுத்தினார். பிறர்க்குக் கேடாய் முடிந்த பஞ்சமொன்று சிலர்க்கு மருந்தாய் அமைந்ததும், அதனைக் கண்டறியும் கண் ஒருவர்க்கு இருந்ததும் மருத்துவ வரலாற்றில் எண்ணியெண்ணி வியத்தற்குரியன.

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். இந்நோய் வெண்ணிற ஐரோப்பியர்க்கே உரியது என்னும் கருத்து நெடுநாள் நிலவிற்று. அது பொருந்தாது என்பதை இந்தியாவில் நடைபெற்று 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகின்றது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,331 பேரை ஆராய்ந்தோர், வடக்கில் ஆயிரவருக்கு 8.53 பேரும், வடகிழக்கில் 4.66 பேரும், தெற்கில் 0.11 பேரும் சீலியாக்கு நோயினர் எனக் கண்டனர். தென்னாட்டார்க்கு அப்பரம்பரையலகுகள் இல்லாமையே இதற்குக் காரணமோ எனின், அன்று. அவ்வலகுகளை உடையோர் வடக்கில் நூற்றுக்கு 38.1 பேர், தெற்கில் 36.4 பேர். வேற்றுமை உணவிலே தான் உளது. நாளொன்றுக்கு ஒருவர் உண்ணும் கோதுமை வடக்கிற் சராசரி 455 கிராம். தெற்கில் 25 கிராம். வடகிழக்கில் 37 கிராமே உண்பவரிடத்தும் நோய் கணிசமாகக் காணப்படுதலால், கோதுமையின் அளவொன்றே முழுக் காரணமாகாது என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். ஆயினும், வித்து நம்மிடத்தும் உளது. நீர் மட்டுமே இதுவரை குறைவாகப் பாய்ந்தது என்று கூறுதல் மிகையன்று.

அந்நீர் நம் நாட்டிலே பாயத் தொடங்கி ஒரு நூற்றாண்டும் ஆகவில்லை. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை; முழுவதும் கடல்கடந்தே வருகின்றது. 1942 இற் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரத்து அற்றபோது, பங்கீட்டு உணவாகக் கோதுமை மா பரவிற்று. போர் ஒழிந்த பின்னரும் மா ஒழியவில்லை. 1980 இல் திருகோணமலையிலே பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியபின், அது மூலைமுடுக்கெல்லாம் சென்றது. யாழ்ப்பாணத்தார் அதனை 'அமெரிக்கன் மா' என்றே அழைத்தனர். அவித்தெடுத்து இடியப்பமும் பிட்டும் ஆக்கினர். தோட்டங்களிலோ அதுவே முதலுணவாயிற்று. பெருந்தோட்டத் துறையினரின் கோதுமை மா நுகர்வு நகரத்தார், கிராமத்தார் ஆகிய இரு சாராரினதினும் மிகுதி என்பது அரசாங்கத்தின் குடும்பச் செலவு அளவீடுகளால் விளங்கும். குறைந்த கூலிக்கு வயிறு நிறைப்பதும், விடியுமுன் விரைந்து சமைக்கத்தக்கதும், கொழுந்து மலைக்குக் கையிற் கொண்டு செல்லத்தக்கதும் ரொட்டியே. அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

இங்கேதான் கவலைக்கிடமான ஒன்று உளது. தோட்டத்துப் பெண்ணொருத்திக்குக் குருதிச்சோகை எனின், மருத்துவர் மனத்தில் முதலில் எழுவன கொழுக்கிப் புழு, இரும்புச் சத்துக் குறைவு, அடுத்தடுத்த மகப்பேறு ஆகியவையே. பெரும்பாலும் அவையே காரணமாகவும் இருக்கும். ஆனால், இரும்பு வில்லைகளை மாதக்கணக்காக விழுங்கியும் குருதி ஏறாதவிடத்து, அவ்விரும்பை உறிஞ்சவேண்டிய குடல் நலமாயுளதோ என வினவுதல் வேண்டும். நாள்தோறும் மும்முறை கோதுமை உண்பவரிடத்து அவ்வினா எழாதிருத்தல் தகாது. இந்நோயைக் குழப்பத்துக்கு உள்ளாக்கும் பிறிதொரு நோயும் நம் பகுதிக்கு உண்டு. அயனமண்டலக் கழிச்சல் நோயாகிய 'ஸ்புரூ', ஒருகாலத்தில் 'இலங்கை வாய்ப்புண்' என்னும் பெயராலேயே ஐரோப்பிய மருத்துவரால் அழைக்கப்பட்டது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் தென்னிந்தியாவில் அதனை விரிவாக ஆராய்ந்துளர். அதிலும் சடைமுளைகள் மழுங்கும். ஆயின் அது போலிக்கமிலத்தாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலும் தீரும். கோதுமையை நீக்குதலால் தீராது. எனவே, குடல் மழுங்கியது கண்டவுடன் கோதுமையே குற்றவாளி எனத் தீர்ப்பளித்தல் கூடாது.

சோதனை எங்ஙனம்? முதலிற் குருதியிலே குறித்த பிறபொருளெதிரி உளதோ எனப் பார்ப்பர். இருப்பின், உள்நோக்குக் குழாய் கொண்டு சிறுகுடற் சுவரினின்று சிறு துணுக்கெடுத்து நுணுக்குக்காட்டியிற் காண்பர். இவ்விரண்டும் நோயாளி கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே செய்யப்படல் வேண்டும். இதனை அறியாது, எவரோ கூறக் கேட்டுக் கோதுமையை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்துச் சோதனைக்குச் செல்வோர் உளர். அதற்குள் பிறபொருளெதிரி மறைந்திருக்கும், சடைமுளைகளும் தளிர்த்திருக்கும், நோய் உண்டா இல்லையா என்பது துணியப்படாமலே போகும். பின்பு, துணியவேண்டின் மீண்டும் வாரக்கணக்காகக் கோதுமை உண்டு துன்புறல் வேண்டும். ஆகவே, முதலிற் சோதனை, பின்னரே பத்தியம் என்பது இவ்விடயத்தில் மாறாத முறை. இளமையிலே தோன்றும் இன்சுலின் சார்ந்த நீரிழிவு உடையாரும், தைரொயிட்டுச் சுரப்பியின் தன்னிர்ப்பீடன நோய் உடையாரும், இந்நோயரின் நெருங்கிய உறவினரும் ஏனையோரினும் இந்நோய்க்கு மிகுதியாக ஆளாவராதலின், அவர்கள் மருத்துவரிடம் இதுபற்றி வினவுதல் நன்று.

நோய் உண்டெனத் துணியப்பட்டால், மருந்தென்று யாதும் இல்லை, உணவே மருந்து. அதுவும் வாழ்நாள் முழுமைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு துண்டுப் பாண் என்பது இங்குச் செல்லாது. ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூற்றன் உள்ளதையே குளூற்றன் அற்றது என அழைக்க அனைத்துலக உணவு நியமம் இடந்தருகின்றது. இவ்வளவின் நுண்மையை நோக்குக.

மேனாட்டார்க்கு இப்பத்தியம் பெருந்துன்பம். அவர் உணவெல்லாம் பாண் மேல் எழுந்தது. அவர்க்கெனச் செய்யப்பட்ட போலிப் பாணும் போலிப் பிஸ்கட்டும் கொழும்பிலே பெருங்கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. நமக்கு அவை எதற்கு? சோறும், அரிசிமா இடியப்பமும், உழுந்து வடையும், ஒடியற் கூழும், மரவள்ளியும், ஈரப்பலாவும், பலாக்கொட்டையும் பிறந்தநாள் தொட்டே குளூற்றன் அற்றவை. இவற்றோடு, லக்கலைப் பகுதியும் அதன் அயலும் தருவன இரண்டு: ஒன்று கித்துள் மரத்தின் நடுத்தண்டிலிருந்து எடுக்கும் மா, மற்றொன்று குரக்கன்.

குரக்கன் ஆபிரிக்காவின் கிழக்கு மேட்டுநிலத்தில் தோன்றியது என்பர் தாவரவியலார். ஆயினும், அவர் அதற்கிட்ட இலத்தீன் பெயரின் பிற்பகுதியாகிய 'கொரக்கானா' என்பது, குரக்கன் என்னும் சிங்களப் பெயரின் திரிபே. கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்சு, 1681 இல் வெளியிட்ட நூலிலே இத்தானியத்தைப் பற்றி எழுதியுள்ளார். லக்கலைச் சேனைகளில் வடகீழ்ப் பருவமழையை நம்பி இது விதைக்கப்படும். பரணமைத்து இரவெல்லாம் காட்டுப்பன்றியையும் யானையையும் காத்து, முற்றிய கதிர்களைக் கையாற் கொய்வர். உலர்த்தி வைத்தால் பூச்சி அரிக்காது பல்லாண்டு கிடக்கும். ஆதலின் பஞ்சகாலத்துக்கு உற்ற துணை. அதன் மாவைக் கொதிநீரிற் கொட்டிக் கிண்டி உருட்டிய 'தலப்ப' என்னும் களியும், தேங்காய்ப் பூச் சேர்த்துத் தட்டிய ரொட்டியும் ஆங்கு வழங்கும் உணவுகள். நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உளது. தீட்டிய அரிசியில் அதன் பத்தில் ஒரு பங்கும் இல்லை. என்பு நலிந்த சீலியாக்கு நோயர்க்கு இது பெரும்பேறு. எனினும் குரக்கனிலுள்ள பைற்றேற்றும் தனினும் கல்சியத்தையும் இரும்பையும் ஓரளவு கட்டிப்போடும். முளைகட்டி உலர்த்தி அரைத்தாற் பைற்றேற்றுக் குறையும். தென்னாட்டார் குழந்தைகளுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் கொடுக்கும் வழக்கம் இவ்வகையிற் போற்றத்தக்கது.

குளூற்றன் இன்மையாற் குரக்கன் மா பசைந்து ஒட்டுவதில்லை. ரொட்டி விண்டு போகும். இதனை மறைக்கவே கடைகளிற் கோதுமை மாவைக் கலக்கின்றனர். குரக்கன் ரொட்டி எனக் கடையில் வாங்குவதிற் பாதி கோதுமையாயிருத்தல் உண்டு. நோயாளி உண்ணும் குரக்கன் தானியமாக வாங்கப்பட்டு, கழுவி உலர்த்தி, கோதுமை அரையாத ஆலையில் அரைக்கப்படல் வேண்டும். கொதிநீர் விட்டுப் பிசைந்தால் மா ஓரளவு இணங்கும்.

நம் சமையலறையிற் கோதுமை மறைந்து வாழும் இடங்களும் உள. கட்டிப் பெருங்காயத்திலும் தூட் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மா சேர்க்கப்படுகின்றது. எத்துணைச் சாம்பாரில் அது கரைகின்றது! யாழ்ப்பாணத்துத் தோசை மாவிற் கோதுமை மா கலப்பது பல வீடுகளில் வழக்கம். றவை, சேமியா, சோயாக் குழம்பு, நோயாளிக்கென்றே வார்க்கும் வாற்கோதுமைக் கஞ்சி, மோல்ற்றுக் கலந்த பானங்கள் ஆகியவையும் விலக்கத்தக்கன. மெலிந்த பிள்ளை தேறட்டும் என்று தாய் அன்போடு கலக்கிக் கொடுக்கும் அப்பானமே அப்பிள்ளையை மெலிவித்துக்கொண்டிருத்தல் கூடும்.

இதுகாறும் கூறியது சீலியாக்கு நோயர்க்கே. நீரிழிவு, சிறுநீரக நோய், மூட்டுவாதம் ஆகிய நெடுநாள் நோயுடையார் பலர், தமக்கும் குளூற்றனை நீக்குதல் நலந்தரும் எனக் கருதுகின்றனர். சீலியாக்கு நோய் இல்லாதவர்க்கு இதனால் விளையும் நன்மை நிறுவப்பட்டதன்று. கோதுமை உண்டால் வயிறு உப்புகின்றது என்போரிற் சிலர்க்குக் காரணம் குளூற்றன் அன்று, கோதுமையிலுள்ள பிரற்றன் என்னும் வெல்ல வகையே என நோர்வேயில் நடைபெற்று 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. நீரிழிவாளர் வெள்ளைப் பாணை விட்டுத் தவிட்டோடு கூடிய குரக்கன் ரொட்டிக்கு மாறுதல் நன்றே. ஆயின் அந்நன்மை நாரினாலும் அளவினாலும் வருவது. மாவை நுண்ணிதாக அரைத்துக் கஞ்சியாக்கிச் சருக்கரை சேர்த்துக் குடித்தால், குருதியில் வெல்லம் விரைந்தேறும். குரக்கன் என்னும் பெயர் அதனைத் தடுக்கமாட்டாது.

சிறுநீரக நோயர்க்கு எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். லக்கலைக்கு அயலதாகிய வில்கமுவப் பிரதேசம், காரணம் தெளியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் பகுதிகளுள் ஒன்று. உழவர் பலர் இதற்கு இரையாகியுளர். இரசாயனம் படாத பழைய தானியம் என்று அவர்க்குக் குரக்கனை அறிவுரைப்போர் உளர். நோக்கம் நல்லது; எனினும் குரக்கனிற் பொட்டாசியம் தீட்டிய அரிசியினும் பன்மடங்கு. சிறுநீரகம் தளர்ந்த நிலையிற் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாதவர்க்கு அது இதயத்தை நிறுத்தவல்ல கேடாகவும் முடியும். அவர்தம் உணவைக் குருதிச் சோதனை கண்ட மருத்துவரே அளந்து கூறல் வேண்டும். ஒருவர்க்கு உயிர்காக்கும் தானியம் மற்றொருவர்க்கு அளவோடு உண்ணத்தக்கதாதல் இயல்பே.

குரக்கனோ குறைந்து வருகின்றது. நக்கிள்ஸ் காடு 2000 இற் பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. காட்டை வெட்டியெரித்துச் சேனை செய்தல் ஆங்குத் தடைப்பட்டது. காடு காக்கப்படவேண்டியதே என்பதில் ஐயமில்லை. களு கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தினுள் பழைய லக்கலை நகர் அமிழ, புதுநகர் வேறிடத்தில் எழுந்தது. குடியெழுந்த உழவர்க்குக் கிடைத்தது நீர்ப்பாய்ச்சலுடைய நெல்வயல். சேனையும் பரணும் இல்லாதவிடத்துக் குரக்கன் விதை பிள்ளைகள் கைக்கு எங்ஙனம் சேரும்? மேட்டுநிலத் தோட்டத்தில், காட்டை அழிக்காமலே, பயறும் எள்ளும் போலக் குரக்கனையும் பயிரிடலாம். மானாவாரிக்கு அது மிக இசைந்தது. வாங்குவோர் இருப்பின் விதைப்போர் இருப்பர். 2022 இற் கோதுமை மாவின் விலை மலைபோல் ஏறியபோது இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் அடுப்பு வாடிற்று. மலைமுகட்டுக்கு அப்பால் விளையும் தானியம் அப்பொழுதும் அவர் சந்தைக்கு வந்திலது. அவ்விடைவெளி, மாத்தளையிலிருந்து சில மணிநேர வண்டிப் பயணமே.